உயிர் மீட்கும் மின்னதிர்ச்சி

மின்சாரம் தாக்கி ஒருவர் மாண்டார் என்னும் செய்தியை நாம் நாளேடுகளில் அடிக்கடி படிக்கிறோம். மின்சாரம் தாக்கியதால் ஒருவர் பிழைத்தார் என்றால் நம்புவீர்களா? இன்று உலகின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் சுவரில் ஒரு சிறு பெட்டி மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பச்சைப் பின்னணியில் வெண்ணிற இதயமும், அதன் நடுவே ஒரு மின்னல் கீற்றும் அதன் அடையாளம். 'ஆட்டோமேட்டட் எக்ஸ்டெர்னல் டீஃபிப்ரிலேட்டர்' என்பது முழுப்பெயர், சுருக்கமாக ஏ.இ.டி. என்பர். தமிழில் 'தானியங்கி நடுக்க நீக்கி' எனலாம். மருத்துவம் படிக்காத எவரும் அதைத் திறந்து, உயிர் பிரியும் நிலையில் உள்ள ஒருவரை மீட்க முயலலாம்.

இப்பெட்டி ஒரே நாளில், ஒரே மேதையின் மூளையில் உதித்ததன்று. கோழிக் கூண்டில் தொடங்கி, அறுவை மருத்துவரின் மேசைக்கு வந்து, ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறி, கடைசியில் பொதுமக்கள் கைக்கு வந்து சேர அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்தப் பயணத்தின் காரணத்தை அறிந்துகொண்டால், அப்பெட்டியைப் பயன்படுத்தும் முறையும் தானே விளங்கிவிடும்.

நிற்பதும் நடுங்குவதும்

முதலில் ஒரு தவறான கருத்தைக் களைய வேண்டும். திடீரென விழுந்து இறப்பவரின் இதயம் அசைவற்று நின்றுவிடுகிறது என்றே பலர் எண்ணுகிறோம். பெரும்பாலும் தொடக்கத்தில் நிகழ்வது வேறு.

ஊர் கூடித் தேர் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். முன்னின்று ஒருவர் குரல் கொடுக்க, அனைவரும் ஒரே நொடியில் வடத்தை இழுத்தால்தான் தேர் நகரும். இதயமும் அப்படியே. வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசு முடிச்சு மின் துடிப்புகளை எழுப்பிக் குரல் கொடுக்கிறது. கோடிக்கணக்கான தசை நார்கள் அதற்கேற்ப ஒருசேரச் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. இந்த ஒழுங்கு குலைந்து, ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் வடத்தை இழுத்தால் என்னாகும்? உழைப்பு இருக்கும், தேர் நகராது. இதயத்தின் கீழறைகளில் இந்நிலை தோன்றுவதையே 'கீழறை நடுக்கம்' என்கிறோம். தசை துடிதுடிக்கும், இரத்தமோ ஓடாது. சில நொடிகளில் நினைவு தப்பும். நாலைந்து நிமிடங்களில் மூளை பாழாகத் தொடங்கும்.

இதற்கு மருந்து என்ன? அனைவரையும் ஒரே நொடியில் வடத்தை விடச் செய்ய வேண்டும். கூச்சல் அடங்கினால் முன்னின்றவரின் குரல் மீண்டும் கேட்கும். மின்னதிர்ச்சி செய்வது இதைத்தான். அது இதயத்தை ஓட வைப்பதில்லை, நடுக்கத்தை நிறுத்துகிறது. பிறகு இதயம் தன் ஒழுங்கைத் தானே மீட்டுக்கொள்கிறது. திரைப்படங்களில் இ.சி.ஜி. கோடு நேராகப் போனதும் அதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைக்கிறார்களே, அது கற்பனையே. நேர்கோடு காட்டும் இதயத்துக்கு இந்தச் சிகிச்சை பயன்படாது.

கோழியில் தொடங்கிய கதை

1775-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் பீட்டர் கிறிஸ்டியன் ஆபில்கார் ஒரு விந்தையான சோதனையை வெளியிட்டார். லெய்டன் ஜாடியில் சேமித்த மின்னூட்டத்தை ஒரு கோழியின் தலையில் பாய்ச்சினார். அது உயிரற்றதுபோல் வீழ்ந்தது. பிறகு மார்பில் பாய்ச்சினார், எழுந்து நடந்தது! பலமுறை இவ்வாறு செய்யப்பட்ட கோழி ஒன்று ஒரு நாள் முழுதும் இரை எடுக்கவில்லையாம். பின்னர் தேறி முட்டையும் இட்டதாம். ஏன் இப்படி நடந்தது என்பதை அவரால் விளக்க இயலவில்லை. கீழறை நடுக்கம் என்ற ஒன்று உண்டென்றே அந்நாளில் எவரும் அறியார்.

1850-இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக்கும் அவருடைய மாணவர் ஹோஃபாவும், இதயத்தில் மின்னோட்டம் செலுத்தினால் இந்த நடுக்கம் உண்டாவதைக் கண்டனர். 1889-இல் ஸ்காட்லாந்தின் ஜான் மெக்வில்லியம், மனிதருக்கு வரும் திடீர் மரணத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். 1899-இல் ஜெனீவா நகரில் பிரெவோவும் பட்டெல்லியும் நாய்களிடம் ஆராய்ந்து ஒரு பெரிய உண்மையை வெளிக்கொணர்ந்தனர். வலுக்குறைந்த மின்னோட்டம் நடுக்கத்தை உண்டாக்குகிறது. வலுமிக்க மின்னோட்டம் அதே நடுக்கத்தை அகற்றுகிறது! கொல்வதும் காப்பதும் அளவைப் பொறுத்தவை. ஆயினும் இக்கண்டுபிடிப்பை மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகள் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பத்தில் இறந்தோர்

திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் மின் கம்பங்களில் ஏறி உயிரிழந்த தொழிலாளர்களே. அமெரிக்காவில் மின்வசதி வேகமாகப் பரவியபோது இத்தகைய மரணங்களும் பெருகின. இதற்கு வழி காணுமாறு மின் நிறுவனங்கள் 1920-களில் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இப்பணியில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் வில்லியம் கௌவென்ஹோவன். அவர் மருத்துவர் அல்லர், மின்பொறியியல் பேராசிரியர். மருத்துவர்களான ஹூக்கர், லாங்வொர்தி ஆகியோருடன் சேர்ந்து, முதல் அதிர்ச்சியால் நடுங்கும் நாயின் இதயத்தை இரண்டாம் அதிர்ச்சியால் மீட்கலாம் என்பதை 1933-க்குள் அவர் மெய்ப்பித்தார்.

மனிதரிடம் இது முதலில் வெற்றி பெற்றது 1947-இல். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளாட் பெக் என்னும் அறுவை மருத்துவர், மார்பெலும்பு உட்குழிந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை முடித்து மார்பை மூடும் வேளையில், அவன் நாடித் துடிப்பு மறைந்தது. பெக் மார்பை மீண்டும் திறந்து, இதயத்தைக் கையால் பிசைந்து அரை மணிக்கு மேலாக இரத்த ஓட்டத்தைக் காத்தார். அதற்குள் ஆய்வகத்திலிருந்து கருவி வந்தது. வீட்டுச் சுவரிலிருந்து கிடைப்பது போன்ற 110 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேரே இதயத்தில் செலுத்தினார். முதல்முறை பயனில்லை. மருந்து கொடுத்து மறுமுறை செலுத்தியதும் இதயம் ஒழுங்காகத் துடித்தது. சிறுவன் நலமுடன் வீடு திரும்பினான்.

ஆனால் மார்பைத் திறந்த நிலையில், அறுவை அறைக்குள் மட்டுமே நிகழக்கூடிய அற்புதம் அது. 1956-இல் பாஸ்டன் நகர் மருத்துவர் பால் ஜோல், மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து அதிர்ச்சி கொடுத்து நோயாளிகளை மீட்டதை அறிவித்தார். கௌவென்ஹோவனும் 1957-இல் அத்தகைய கருவியை முடித்தார். அதன் எடை ஏறத்தாழ 90 கிலோ! சக்கரம் வைத்துத் தள்ளிச் செல்ல வேண்டும்.

அந்தக் கனத்த கருவியிலிருந்து எதிர்பாராத இன்னொரு பரிசும் கிடைத்தது. நாயின் மார்பில் பளுவான செம்பு மின்வாய்களை அழுத்தி வைத்தவுடன், மின்சாரம் பாயும் முன்பே அதன் இரத்த அழுத்தம் சற்று உயர்வதை நிக்கர்பாக்கர் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் கவனித்தார். அழுத்தினாலே இரத்தம் ஓடுமா? ஓடும் என்று சோதனைகள் காட்டின. 1960-இல் கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் மார்பை வெளியிலிருந்து கையால் அழுத்தும் முறையை வெளியிட்டனர். இன்று முதலுதவி வகுப்புகளில் கற்பிக்கப்படுவது இதுவே.

மின்தேக்கியின் வருகை

அக்கால அமெரிக்கக் கருவிகள் மாறுதிசை மின்சாரத்தையே பயன்படுத்தின. அவற்றில் இரு குறைகள். பெரிய மின்மாற்றி தேவை. சுவர் மின்சாரமும் தேவை. எனவே நோயாளி இருக்குமிடத்துக்குக் கருவி போக இயலாது. தவிர, மாறுதிசை மின்னோட்டம் இதயத் தசையைப் புண்படுத்தியதோடு, சிலவேளை தானே புதிய நடுக்கத்தையும் தோற்றுவித்தது.

தீர்வு சோவியத் நாட்டில் முன்பே கிடைத்திருந்தது. ஜெனீவாவில் பிரெவோவிடம் பயின்ற லீனா ஸ்டெர்ன் என்னும் பெண் அறிஞர் 1925-இல் மாஸ்கோவுக்குச் சென்றார். அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய நவும் குர்விச், யூனியேவ் ஆகியோர் 1939-இல் மின்தேக்கியிலிருந்து ஒற்றைத் துடிப்பாக மின்சாரத்தைச் செலுத்தும் முறையை விளக்கினர். ஆபில்காரின் லெய்டன் ஜாடியும் ஒரு மின்தேக்கிதானே! ஒன்றரை நூற்றாண்டு சுற்றி, அறிவியல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. 1952-இல் சோவியத் மருத்துவமனைகளுக்கென அத்தகைய கருவி உருவாயிற்று. அமெரிக்காவில் பெர்னார்ட் லவுன் என்னும் இதய மருத்துவரும், பாரூக் பெர்க்கோவிட்ஸ் என்னும் பொறியாளரும் 1962-இல் நேர்மின் துடிப்பின் மேன்மையை நிலைநாட்டிய பிறகு உலகெங்கும் அது பரவியது. இதே லவுன், அணு ஆயுதப் போரைத் தடுக்க மருத்துவர் இயக்கம் ஒன்றைச் சோவியத் இதய மருத்துவர் சாசோவுடன் சேர்ந்து தொடங்கினார். அவ்வியக்கம் 1985-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது.

மின்தேக்கி ஏன் இவ்வளவு பொருத்தம்? இயற்பியல் மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை 2,000 வோல்ட்டுக்கு மின்னேற்றினால், அரை பெருக்கல் மின்தேக்குதிறன் பெருக்கல் மின்னழுத்தத்தின் இருமடி என்னும் வாய்பாட்டின்படி, அதில் சேரும் ஆற்றல் 200 ஜூல். இது பெரிய அளவன்று. 20 கிலோ அரிசிச் சிப்பத்தை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேலைக்குச் சமம். ஆனால் அது ஏறத்தாழ 10 மில்லி விநாடியில் வெளிப்படுகிறது. அப்போதைய சராசரித் திறன் 20 கிலோவாட். 5 குதிரைத் திறன் பம்புசெட்டுகள் ஐந்து ஒருசேர ஓடுவதற்கு ஒப்பாகும்! மார்பின் மின்தடை 80 ஓம் என்று கொண்டால், உச்ச மின்னோட்டம் 25 ஆம்பியர்.

இத்தனை திறனைச் சிறு பாட்டரி நேரே தர முடியாது. ஆனால் 200 ஜூல் ஆற்றலைப் பத்து விநாடியில் நிதானமாகத் தருவதற்கு 20 வாட் போதும். சொட்டுச் சொட்டாக விழும் நீரைக் குடத்தில் நிரப்பி, ஒரே வீச்சில் கவிழ்ப்பது போல மின்தேக்கி செயல்படுகிறது. சுவர் மின்சாரத்தின் தேவை ஒழிந்தது. கருவிக்குக் கால் முளைத்தது எனலாம்.

மருத்துவமனையை விட்டு வெளியே

அந்தக் கால்களுக்கு வழி காட்டியவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம் மரண ரயில்பாதைக்கு அனுப்பப்பட்டவர் அவர். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்ததும் அதே பாதையில்தான். அங்கே இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய்க்கு ஆளாகி உயிர் தப்பிய அவர், பிற்காலத்தில் இதய மருத்துவர் ஆனார்.

மாரடைப்பால் இறப்போரில் பலர் முதல் சில மணி நேரத்திலேயே, மருத்துவமனையை எட்டும் முன்பே இறப்பதை அவர் கண்டார். நோயாளி வரும்வரை காத்திராமல் கருவி அவரிடம் போகட்டும் என்று முடிவு செய்தார். 1965-இல் கார் பாட்டரிகளால் இயங்கும் கருவியை அமைத்தார். எடை 70 கிலோ. ஜான் கெடஸ் என்னும் இளம் மருத்துவருடன் 1966 ஜனவரியில் அதை ஆம்புலன்ஸில் ஏற்றினார். 1968-க்குள் எடை சுமார் 3 கிலோவாகக் குறைந்தது. விண்வெளித் துறைக்கெனச் செய்யப்பட்ட சிறு மின்தேக்கி இதற்கு உதவியது. தீயணைப்புக் கருவி உள்ள இடமெல்லாம் இதுவும் இருக்க வேண்டும்; உடைமையைவிட உயிர் பெரிதல்லவா என்பது அவருடைய வாதம்.

முடிவெடுக்கும் பெட்டி

கருவி சிறிதாயிற்று, ஆனால் அதைக் கையாள, இ.சி.ஜி. படிக்கத் தெரிந்தவர் வேண்டுமே! அமெரிக்காவில் 1980-ஐ ஒட்டி ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு அப்பயிற்சி அளித்துப் பார்த்தனர், பலன் கிடைத்தது. அடுத்த கேள்வி எழுந்தது: இ.சி.ஜி.யைக் கருவியே படித்தால் என்ன? 1970-களில் ஆரிகன் மாநிலத்தில் ஆர்ச் டயக் என்னும் அறுவை மருத்துவரும் அவர் தோழர்களும் அத்தகைய கருவியை உருவாக்கினர். அதன் ஒரு மின்வாயை நோயாளியின் வாய்க்குள் வைக்க வேண்டும்; மூச்சு உண்டா என்பதையும் அது பார்த்துக்கொள்ளும். நுண்செயலிகள் வளர்ந்தபின், மார்பில் ஒட்டும் இரு பட்டைகளே போதும் என்றாயிற்று.

அப்பட்டைகளின் வேலையை எண்ணிப் பாருங்கள். முதலில் அவை ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவேயான இதயத்தின் மின்குறிகளை வாங்கிக் கருவிக்குத் தருகின்றன. அலைகளின் உயரம், வேகம், ஒழுங்கு ஆகியவற்றைக் கணித்து, இது நடுக்கமா அன்றா என்று நுண்செயலி சில விநாடிகளில் தீர்ப்புக் கூறுகிறது. நடுக்கமானால் அதே பட்டைகள் வழியே 2,000 வோல்ட் அளவில் துடிப்பு பாய்கிறது. 1996-இல், முதலில் ஒரு திசையிலும் உடனே எதிர்த்திசையிலும் பாயும் இருகட்டத் துடிப்புடைய ஏ.இ.டி. அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழைய முறையில் 360 ஜூல் வரை தேவைப்பட்ட இடத்தில் 150 ஜூல் போதும் என்றானதால் பெட்டி மேலும் சிறுத்தது.

சாதாரண மக்களால் இதைக் கையாள முடியுமா? 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் பொம்மை நோயாளியையும் கருவியையும் கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் அதிர்ச்சி கொடுக்கச் சராசரியாக 90 விநாடி ஆயிற்று. பயிற்சி பெற்ற ஊழியர்களுக்கோ 67 விநாடி. வேறுபாடு அரை நிமிடமும் இல்லை!

உண்மை நிகழ்ச்சிகளும் அதையே காட்டின. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலர்களுக்கு இக்கருவி கொடுக்கப்பட்டது. கீழறை நடுக்கத்தால் விழுந்த 105 பேரில் 56 பேர் பிழைத்து வீடு திரும்பினர் என்று 2000-இல் அறிவிக்கப்பட்டது. மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தனர். தாமதமானவர்களில் 49 விழுக்காட்டினரே. சிகாகோ விமான நிலையங்களில் 1999 முதல் ஈராண்டுகளில் நடுக்கத்துக்கு உள்ளான 18 பேரில் 11 பேர் மீட்கப்பட்டனர். அவர்களில் ஆறு பேரை மீட்டவர்களுக்கு அக்கருவியில் முன்பயிற்சியோ அனுபவமோ இல்லை. அவர்களுள் மூவர் மருத்துவப் பட்டதாரிகள்.

வாங்குவோர் கவனத்துக்கு

உங்கள் கல்லூரியோ, ஆலையோ, குடியிருப்போ இக்கருவியை வாங்க எண்ணினால், மேலே கண்ட வரலாற்றை நினைவிற் கொண்டு தேர்ந்தெடுங்கள். அது பேசும் மொழி அங்குள்ளோருக்குப் புரிய வேண்டும். தன்னைத் தானே சோதித்து, நலமாக இருப்பதை விளக்கால் காட்ட வேண்டும். அந்த விளக்கை நாள்தோறும் பார்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பாட்டரிக்கும் ஒட்டுப் பட்டைக்கும் காலாவதி நாள் உண்டு. எனவே அவற்றை மாற்றும் செலவையும் முதலிலேயே கணக்கிடுங்கள். தூசும் ஈரமும் புகாத அமைப்பா என்று பாருங்கள். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆற்றலைக் குறைக்கும் வசதி நல்லது. எல்லாவற்றினும் முக்கியம், வைக்கும் இடம். அலுவலக அலமாரியில் பூட்டிச் சாவியைப் பியூனிடம் கொடுத்துவிட்டால், 1957-இன் 90 கிலோக் கருவிக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

பயன்படுத்தும் முறை எளிது. ஒருவர் விழுந்து, அழைத்தால் அசையாமல், சீராக மூச்சு விடாமல் இருந்தால் இதயம் நின்றதாகவே கொள்ளுங்கள். விட்டு விட்டு வரும் திணறல் மூச்சு, மூச்சாகாது. ஒருவரை ஆம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லுங்கள்; தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. மற்றொருவரைக் கருவி கொண்டுவர அனுப்புங்கள். நீங்கள் மார்பின் நடுவே இரு கைகளாலும், பெரியவரானால் 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். கருவி வந்ததும் அதை இயக்கி, மார்பின் ஈரத்தைத் துடைத்து, ஒரு பட்டையை வலது காறையெலும்பின் கீழும், மற்றதை இடது அக்குளின் கீழே விலாப்புறத்திலும் ஒட்டுங்கள். கருவி ஆராயும்போதும் அதிர்ச்சி தரும்போதும் எவரும் நோயாளியைத் தொடலாகாது. அதிர்ச்சி முடிந்தவுடன், பிழைத்தாரா என்று பார்த்துக்கொண்டு நில்லாமல், மீண்டும் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். கருவி அடுத்து என்ன செய்வதென்று சொல்லும்.

தவறாக அதிர்ச்சி கொடுத்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். நடுங்காத இதயத்துக்கு அதிர்ச்சி தராதபடியே இது அமைக்கப்பட்டுள்ளது. அஞ்ச வேண்டியது தாமதத்துக்குத்தான். மார்பை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைப் பறித்துச் செல்கிறது. எவ்வளவு விரைந்து வந்தாலும் ஆம்புலன்ஸ் வரச் சில நிமிடங்கள் ஆகும்; அருகில் இருப்பவரோ அப்போதே அங்கு இருக்கிறார்.

பெக்கின் அறுவை அறையில் இருந்த மின்சாரத்தைப் பொதுச் சுவருக்குக் கொண்டுவர, மருத்துவரும் பொறியாளரும் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். சுவரிலிருந்து நோயாளியின் மார்பு வரை உள்ள கடைசி சில அடிகளை நடக்க வேண்டியவர்கள் நாம். மார்பை அழுத்தும் பயிற்சியை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். உங்கள் கல்லூரியிலோ ஊரிலோ முதலுதவி வகுப்பு நடந்தால், மாணவ நண்பர்களே, அவசியம் சேருங்கள்.